பால்மரக் காடுகளிலிருந்து புறநகர்களுக்கு: கிள்ளான் பள்ளத்தாக்கின் நகர்ப் பரவலும் நிலப் பயன்பாட்டு மாற்றமும்

முன்னுரை

மலேசியத் தமிழரின் வரலாறு பெரும்பாலும் குடிபெயர்வு, உழைப்பு, மொழி, சமயம் ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அவ்வரலாறு நிகழ்ந்த நிலத்திற்கு என்ன நேர்ந்தது என்னும் வினாவைப் புவியியலாளரிடமும் நகரத் திட்டமிடுநரிடமும் நாம் விட்டுவிட்டோம். அவர்கள் நிலத்தைப் பரப்பளவாகவும் பயன்பாட்டு வகையாகவும் நோக்குகின்றனர். அந்நிலத்தில் மூன்று தலைமுறையாக வாழ்ந்தவர்களைப் பற்றி அவர்களுடைய வரைபடங்கள் பேசுவதில்லை. இவ்விரு துறைகளுக்கும் இடையே விடுபட்டுப்போன பகுதியைக் கருத்திற்கொண்டு, கிள்ளான் பள்ளத்தாக்கின் நகர்ப் பரவலை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

கிள்ளான் பள்ளத்தாக்கு என்று நாம் இங்குக் குறிப்பது கோலாலம்பூர், அதனைச் சூழ்ந்துள்ள சிலாங்கூர் நகர்ப் பகுதிகள், புத்ராஜெயா ஆகியவை அடங்கிய பெருநகர் வட்டாரத்தை ஆகும். 1980ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கோலாலம்பூரில் ஏறத்தாழ 9 இலட்சம் பேரும் சிலாங்கூரில் ஏறத்தாழ 15 இலட்சம் பேரும் இருந்தனர். 2020ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் இத்தொகை முறையே 20 இலட்சத்தையும் 70 இலட்சத்தையும் நெருங்கியது. நாற்பது ஆண்டுகளில் தலைநகர் இரு மடங்காக வளர, அதனைச் சூழ்ந்த மாநிலம் நான்கரை மடங்குக்கு மேல் வளர்ந்திருக்கிறது. வளர்ச்சியின் பெரும்பகுதி நகருக்கு வெளியே நிகழ்ந்துள்ளது என்பதை இவ்வெண்களே காட்டும்.

அந்த 'வெளியே' எத்தகைய நிலமாக இருந்தது என்பதே நம் வினாவின் தொடக்கம். அது பெரும்பாலும் தோட்டமாக இருந்தது. தோட்ட நிலவுடைமை முறையே நகர்ப் பரவலின் வடிவத்தைத் தீர்மானித்தது. அப்பரவலில் எவர் பெயர் பதிவாயிற்று, எவர் பெயர் விடுபட்டது என்பதையும் அதுவே தீர்மானித்தது. இக்கருத்தை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நகர்ப் பரவல்: ஒரு விளக்கம்

ஒரு நகரம் தன் மையத்தில் செறிவாக வளராமல், குறைந்த அடர்த்தியுடைய குடியிருப்புகளாக வெளிநோக்கி விரிவதை நகர்ப் பரவல் என்பர். இவ்விரிவு எல்லா நாடுகளிலும் ஒரே வகையில் நிகழ்வதில்லை. சிறு உழவர்கள் நிறைந்த ஒரு வட்டாரத்தில் நகரம் துண்டு துண்டாக நுழையும். ஒருவர் தம் வயலை விற்பார், அடுத்தவர் விற்கமாட்டார். வீடுகளுக்கு நடுவே பயிர் நிற்கும். சாலைகள் பழைய வரப்புகளைப் போல வளைந்து செல்லும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் நிகழ்ந்தது இதனின்றும் வேறானது. இங்கு ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் ஒரே நிறுவனத்தின் உடைமையாக இருந்தது. ஒருவரிடம் மட்டும் பேசி முடித்தால் போதும். ஒரு முழு நகரத்திற்குரிய நிலம் கிடைத்துவிடும். ஆகவே இங்கு நகரம் வயல் வயலாகப் பரவாமல் தோட்டம் தோட்டமாகத் தாவியது. ஒரு வீடமைப்புப் பகுதி முடிந்து நெடுஞ்சாலையைக் கடந்ததும் முற்றிலும் வேறான தெரு அமைப்போடு மற்றொரு பகுதி தொடங்குவதைப் பார்க்கிறோம். பல இடங்களில் அந்த எல்லை முன்னாளில் இரு தோட்டங்களைப் பிரித்த எல்லையாகவே இருக்கக் காணலாம்.

தோட்டங்கள் வழியே வளர்ந்த நகரம்

கோலாலம்பூர் 1857இல் கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுமிடத்தில் ஈயச் சுரங்கத் தொழிலையொட்டித் தோன்றியது. 1880இல் சிலாங்கூரின் நிர்வாகத் தலைநகர் கிள்ளானிலிருந்து இங்கு மாற்றப்பட்டது. 1886இல் கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. ஈயத்தைக் கடலுக்குக் கொண்டுசெல்ல அமைந்த இப்பாதையின் இருமருங்கிலும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏற்பட்ட ரப்பர் விலையேற்றத்தின்போது தோட்டங்கள் நெருங்கி அமைந்தன. போக்குவரத்து வசதி இருந்த இடத்தையே முதலீட்டாளர் நாடினர் என்பது இயல்பே.

இவ்வியல்பான தேர்வின் விளைவு அரை நூற்றாண்டுக்குப் பிறகு வெளிப்பட்டது. தோட்டத்திற்கு ஏற்றதாகக் கருதப்பட்ட அதே போக்குவரத்து வழி, பின்னர் நகருக்கும் ஏற்றதாயிற்று. 1950களின் தொடக்கத்தில், கோலாலம்பூரின் இட நெருக்கடியைத் தணிக்கும் பொருட்டு, 1,200 ஏக்கர் ரப்பர்த் தோட்ட நிலத்தில் பெட்டாலிங் ஜெயா துணைநகரம் உருவாக்கப்பட்டது. 1974இல் கோலாலம்பூர் 243 சதுரக் கிலோமீட்டர் பரப்புடைய கூட்டரசுப் பிரதேசமாகச் சிலாங்கூரிலிருந்து பிரிக்கப்பட்டபின், மாநிலத்திற்குப் புதிய தலைநகர் தேவைப்பட்டது. தோட்ட நிலத்தில் திட்டமிட்டு எழுப்பப்பட்ட ஷா ஆலம் 1978இல் அத்தகுதியைப் பெற்றது. 1976இல் சீபீல்டு தோட்டத்தில் சுபாங் ஜெயாவின் கட்டுமானம் தொடங்கியது. 2020இல் அது மாநகராக உயர்ந்தது. 1990களில் பரவல் தெற்கு நோக்கித் திரும்பியது. சைபர்ஜெயா, செப்பாங் அனைத்துலக விமான நிலையம், புத்ராஜெயா ஆகிய மூன்றும் ஒரே பத்தாண்டில் உருப்பெற்றன.

இவற்றுள் புத்ராஜெயாவைச் சற்று விரிவாகக் காண்பது பயனுடையது. 1995இல் பணிகள் தொடங்கி, 1999இல் அரசு அலுவலகங்கள் குடியேறத் தொடங்கி, 2001இல் கூட்டரசுப் பிரதேசமான இந்நகரின் பெரும்பகுதி முன்னர் பெராங் பெசார் தோட்டமாக இருந்தது. முதல் உலகப் போரில் பணியாற்றிய பிரித்தானிய முன்னாள் படையினர் தொடங்கிய தோட்டம் ஆதலின் அது 'பெரும்போர்' என்னும் பொருளுடைய மலாய்ப் பெயரைப் பெற்றது. இத்தோட்டத்தில் உருவாக்கப்பட்ட ரப்பர் மரவகைகள் அதன் பெயரின் முதலெழுத்துகளைத் தாங்கி, 'பி.பி. 86', 'பி.பி. 260' என உலகின் பல நாடுகளில் இன்றும் அறியப்படுகின்றன. மரவகைகளின் பெயரில் தோட்டம் நிலைத்துவிட்டது. அம்மரங்களைச் சீவிய தமிழ்க் குடும்பங்களோ, அண்டையிலிருந்த கேலவே, மெடிங்லி, செட்ஜ்லி முதலிய தோட்டத்தாரோடு சேர்ந்து, டெங்கில் அருகே தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக் குடியிருப்புக்கு இடம்பெயர்ந்தனர். தரைவீடு வேண்டுமென்னும் அவர்களுடைய கோரிக்கை இருபது ஆண்டுகளுக்கு மேலாக நீடித்தது.

ஏட்டில் நிகழும் மாற்றம்

நிலப் பயன்பாட்டு மாற்றம் என்றதும் மரம் வெட்டும் இயந்திரமும் மண்வாரியுமே நம் நினைவுக்கு வருகின்றன. உண்மையில் அம்மாற்றம் முதலில் நில அலுவலகத்தின் ஏட்டில் நிகழ்கிறது.

1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம் உடைமை வழங்கப்பட்ட நிலத்தை வேளாண்மை, கட்டடம், தொழில்துறை என மூன்று பயன்பாட்டு வகைகளாகப் பிரிக்கின்றது. வேளாண்மை வகையிலுள்ள தோட்டத்தில் வீடமைப்புத் திட்டம் எழுப்ப விரும்பும் உரிமையாளர், பயன்பாட்டு வகையையும் நிலப் பட்டாவிலுள்ள நிபந்தனையையும் மாற்றித் தருமாறு மாநில அரசிடம் விண்ணப்பிக்க வேண்டும். மாற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டால் அவர் கூடுதல் கட்டணம் செலுத்துகிறார், நிலவரியும் உயர்கிறது. இதனோடு, 1976ஆம் ஆண்டின் நகர, ஊரகத் திட்டமிடல் சட்டத்தின்கீழ் ஊராட்சி மன்றத்தின் திட்ட அனுமதியும் தேவை.

நிலம் மாநில அரசின் அதிகாரத்திற்குட்பட்டது என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். வருவாய் வழிகள் குறைவாக உள்ள மாநில அரசுக்கு நிலமாற்றக் கட்டணம் இன்றியமையாத வருமானமாகும். உரிமையாளருக்கோ, ஏக்கர்க் கணக்கில் மதிப்பிடப்பட்ட நிலம் சதுர அடிக் கணக்கில் விலைபோகும் பொருளாகிறது. தோட்டத்தை நடத்திய நிறுவனங்களில் சில வீடமைப்புத் துறையிலும் இறங்கின. ஆகவே பல இடங்களில் நிலம் கைமாறவே இல்லை. அதன் பெயர் மட்டுமே மாறியது.

இந்நடைமுறை முழுவதிலும் இரு தரப்பினரே உள்ளனர். ஒருவர் நில உரிமையாளர், மற்றவர் அரசு. அந்நிலத்தில் குடியிருப்பவர் என்னும் மூன்றாம் தரப்புக்கு அவ்விண்ணப்பத்தில் நிரப்பத்தக்க ஓர் இடம் இல்லை.

துண்டாடலும் மேம்பாடும்

தோட்ட நிலம் கைமாறியதால் தமிழர் இடம்பெயர்ந்தது 1970களில் புதிதாகத் தொடங்கியதன்று. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பிய உரிமையாளர் பலர் தம் தோட்டங்களை விற்றனர். வாங்கியோர் அவற்றைச் சிறுசிறு பகுதிகளாகப் பிரித்து விற்று இலாபம் ஈட்டினர். இதனையே நம் மக்கள் 'தோட்டத் துண்டாடல்' என்றனர். 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த துண்டாடலை உங்கு அஜிஸ் ஆராய்ந்து 1962இல் வெளியிட்டார். துண்டாடலை எதிர்கொள்ளும் வழியாகவே 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர்கள் மாதந்தோறும் 10 வெள்ளி சேர்த்துத் தோட்டத்தை வாங்கலாம் என்னும் எண்ணம், உழைப்பவர் பெயரைப் பட்டாவில் ஏற்ற முனைந்த அரிய முயற்சியாகும். பின்னர் தேசிய நிலச் சட்டத்திலும் ஒரு தடை சேர்க்கப்பட்டது. தொடர்ச்சியாக 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்றவோ பிரிக்கவோ தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்பது அத்தடை.

துண்டாடலுக்கும் பின்னாளைய மேம்பாட்டுக்கும் இடையே ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. துண்டாடப்பட்ட தோட்டத்தில் பால்மரம் நின்றது. தொழிலாளி குறைந்த கூலிக்கேனும் அங்கேயே வேலை செய்ய வாய்ப்பிருந்தது. வீடமைப்புத் திட்டமாக மாறிய தோட்டத்தில் மரமும் இல்லை, வேலையும் இல்லை. துண்டாடலைப் பற்றி நம் எழுத்தாளர்கள் கதைகளும் நாவல்களும் எழுதினர். சங்கங்கள் தீர்மானங்கள் இயற்றின. அதனினும் முழுமையான இரண்டாம் மாற்றம் 'மேம்பாடு' என்னும் நல்ல பெயரோடு வந்தமையால் அதனை எதிர்க்கவும் சொல் இல்லாமற்போயிற்று.

பட்டாவில் இல்லாதவர்கள்

தோட்டத் தொழிலாளியின் வீடு வேலையோடு இணைந்தது. லயத்து வீட்டுக்கு அவர் வாடகை செலுத்தவில்லை. ஆதலால் குத்தகை உரிமையும் அவருக்கு இல்லை. 1960ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் இழப்பீடு பெறத்தக்கவரை வரையறுக்கும்போது, உரிமையாளரின் விருப்பம் உள்ளவரை மட்டும் குடியிருப்பவரை விலக்கியே வைக்கின்றது. வேலை முடிவுக்கு வந்தால் வீடும் முடிவுக்கு வரும். பாட்டன் பிறந்த வீடாயினும் சட்டத்தின் பார்வையில் அது தொழிலாளர் குடியிருப்பு மட்டுமே.

அவருக்குச் சட்டம் உறுதிசெய்தது பணிநீக்க இழப்பீடு ஒன்றே. 1980ஆம் ஆண்டின் விதிமுறைகளின்படி, 5 ஆண்டுகளும் அதற்கு மேலும் பணியாற்றியவருக்கு ஆண்டொன்றுக்கு 20 நாள் சம்பளம் வழங்கப்பட வேண்டும். 30 ஆண்டுகள் பால் வெட்டியவருக்கு 600 நாள் சம்பளம் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, நாட்கூலியை 15 ரிங்கிட் எனக் கொண்டால் அத்தொகை 9,000 ரிங்கிட் ஆகும். 1980களில் மலிவு விலை வீட்டின் உச்ச விலை 25,000 ரிங்கிட்டாக வரையறுக்கப்பட்டிருந்தது. 1998இல் நில விலை மிகுந்த பகுதிகளில் அது 42,000 ரிங்கிட் வரை உயர்த்தப்பட்டது. வாழ்நாள் உழைப்பின் இழப்பீடு, அதே நிலத்தில் எழும் மிகக் குறைந்த விலை வீட்டின் பாதி விலையைக்கூட எட்டவில்லை என்பதை இக்கணக்கு உணர்த்தும். ஐம்பது வயதைக் கடந்த தொழிலாளிக்கு எஞ்சிய தொகையை வங்கிக் கடனாகப் பெறுவதும் எளிதாக இருந்திருக்காது.

தோட்டத்தைவிட்டு வெளியேறியோருள் பலர் அருகிலிருந்த புறம்போக்கு நிலங்களில் குடியேறினர். பின்னர் அங்கிருந்தும் அகற்றப்பட்டு, தற்காலிக நீள்வீடுகளுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் சென்றனர். தோட்டத்தில் ஏழ்மை இருந்தது. எனினும் கோயில், பள்ளி, திடல், உறவு ஆகிய யாவும் நடந்து செல்லும் தொலைவில் இருந்தன. நகர்ப் பரவலோ ஊர்தி உடையவரை நோக்கியே அமைந்தது. வேலை ஓரிடம், வீடு ஓரிடம், பள்ளி ஓரிடம் எனப் பிரிந்தபோது, ஊர்தி இல்லாத குடும்பம் ஒவ்வொரு தொலைவுக்கும் தனியே விலை கொடுக்க வேண்டியதாயிற்று.

நிலத்தோடு தொடர்புடைய சமய இடங்களின் நிலையும் இத்தகையதே. தொழிலாளர் எழுப்பிய கோயில் நிறுவனத்தின் நிலத்தில் நின்றது. நிலம் கைமாறிய பின்னர், நூறாண்டுப் பழமையுடைய கோயிலாயினும் சட்டப்படி பிறர் நிலத்தில் நிற்கும் கட்டடமாகவே கருதப்பட்டது. 2018 நவம்பரில் சுபாங் ஜெயா சீபீல்டு மாரியம்மன் கோயிலில் நிகழ்ந்த கலவரமும் அதில் காயமுற்ற தீயணைப்பு வீரர் ஒருவரின் இறப்பும் நாடறிந்தவை. தோட்டத்தை நகராக மாற்றும் தொடக்கக் கட்டத்திலேயே தீர்க்கப்பட வேண்டிய நில உரிமைச் சிக்கல், பல ஆண்டுகள் கழித்து எத்துணைக் கொடிய விலையைக் கேட்கும் என்பதற்கு அந்நிகழ்ச்சி சான்றாகும்.

நீர் நினைவிற்கொள்ளும் நிலம்

நிலப் பயன்பாட்டு மாற்றத்தின் விளைவைத் தோட்டத்தார் மட்டுமே அடைந்தனர் எனக் கருதுதல் பொருந்தாது. மரமும் மண்ணும் உறிஞ்சிய மழைநீர், தார்ச்சாலையிலும் கூரையிலும் விழும்போது நேரே கால்வாய்க்கும் ஆற்றுக்கும் விரைகிறது. ஆற்றின் மேற்பகுதியில் எழும் ஒவ்வொரு குடியிருப்பும் கீழ்ப்பகுதியின் வெள்ள அளவைக் கூட்டுகிறது. 2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடா குடியிருப்பு மூழ்கியபோது இதன் முழுப் பொருளை நாடு கண்டது. அத்தாழ்நிலத்தில் வீடு வாங்கியோருள் பலர், அவ்விடத்தை விட்டால் வேறு இடத்தில் வாங்க வசதியற்றவர்கள். மலிவான நிலம் ஏன் மலிவாக இருந்தது என்பதை விலைப்பட்டியல் கூறுவதில்லை.

பள்ளியின் பெயர்

இம்மாற்றங்களுக்குப் பின்னும் தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கும் ஒரே பொது நிறுவனமாகப் பல இடங்களில் தமிழ்ப்பள்ளியே விளங்குகிறது. பண்டார் உத்தாமாவில் எபிங்காம், சுபாங் ஜெயாவில் சீபீல்டு, ஷா ஆலமில் மிட்லண்ட்ஸ், பூச்சோங்கில் காசல்பீல்டு, கின்ராரா, கோலாலம்பூரில் புக்கிட் ஜாலில், எடின்பரோ எனப் பட்டியல் நீள்கிறது. ஆங்கிலேயர் தம் நாட்டு ஊர்களை நினைத்துச் சூட்டிய பெயர்களுள் பல, மலாய்ப் பெயர் பூண்ட புறநகர்களில், தமிழ்ப்பள்ளியின் முகப்பில் எஞ்சியிருக்கின்றன. ஒரு வட்டாரத்தின் நிலப் பயன்பாட்டு வரலாற்றை இத்துணைச் சுருக்கமாகக் கூறும் ஆவணம் பிறிதொன்று இல்லை எனலாம்.

பள்ளியின் தோற்றமே நிலத்தோடு பிணைந்தது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என விதித்தது. அப்பள்ளி நிர்வாகத்தின் நிலத்தில் அமைந்தது. அதன் தொடர்ச்சியாகவே, அரசு நிலத்தில் இல்லாத தமிழ்ப்பள்ளிகள் இன்றும் பகுதி உதவி பெறும் பள்ளிகளாக உள்ளன. 1957இல் 888 என்று குறிக்கப்படும் தமிழ்ப்பள்ளிகளின் எண்ணிக்கை இன்று 530 அளவில் உள்ளது. தோட்டம் மூடப்பட்டபோது மாணவரை இழந்து மறைந்த பள்ளிகள் உண்டு. புறநகருக்கு இடம்மாறி ஆயிரத்தை நெருங்கும் மாணவரோடு வளர்ந்த பள்ளிகளும் உண்டு. இவ்விரு நிலைகளையும் பிரித்த காரணங்களுள் முதன்மையானது, உரிய காலத்தில் பள்ளிக்கென ஒரு நிலம் உறுதிசெய்யப்பட்டதா என்பதே.

ஆசிரியர்கள் இவ்வாய்வில் பங்கேற்க மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, தத்தம் பள்ளி நிலத்தின் பட்டா எவர் பெயரில் உள்ளது, எந்தப் பயன்பாட்டு வகையைச் சேர்ந்தது என அறிதல். நில அலுவலகத்தில் உரிய கட்டணம் செலுத்தி இவ்விவரத்தைப் பெறலாம். இரண்டாவது, தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள பழைய நில வரைபடங்களை இன்றைய வரைபடத்தோடு ஒப்பிடும் பணியை உயர்நிலை மாணவருக்குப் பயிற்சியாக அளித்தல். மூன்றாவது, எஞ்சியுள்ள முதியோரிடம் லயம், பெரட்டுக் களம், கோயில், இடுகாடு ஆகியவை இருந்த இடங்களையும், தோட்டத்திற்கும் அதன் பிரிவுகளுக்கும் தமிழர் வழங்கிய பெயர்களையும் கேட்டுப் பதிவுசெய்தல். நிறுவனத்தின் பெயர் ஆவணத்தில் உள்ளது. தமிழர் இட்ட பெயர் பேச்சில் மட்டுமே உள்ளது. பேசுவோர் மறைந்தால் அதுவும் மறையும்.

முடிவுரை

நகர் வளர்ந்திருக்கக் கூடாது என்பது நம் வாதமன்று. தோட்ட வாழ்க்கை மீண்டும் வரவேண்டும் என எவரும் விரும்பமாட்டார். தோட்டத்துப் பிள்ளைகள் பலர் கல்வி பெற்று, இதே புறநகர்களில் வீடு வாங்கி வாழ்கின்றனர். இவ்விதழைப் படிக்கும் நம்மில் பலரும் அவ்வாறு வந்தவர்களே. எனினும், கிள்ளான் பள்ளத்தாக்கின் பரவல் மனிதர் வாழ்ந்த நிலத்தின்மீது நிகழ்ந்தது என்பதையும், அம்மனிதரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லாதிருந்ததே அவர்களுடைய இடப்பெயர்வை எளிதாக்கியது என்பதையும் மேற்கண்ட விளக்கங்கள் காட்டுகின்றன. பரவல் இன்னும் முடியவில்லை. கோல லங்காட், கோல சிலாங்கூர், உலு சிலாங்கூர் வட்டாரங்களில் செம்பனைத் தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாக மாறி வருகின்றன. அங்குள்ள தமிழ்ப்பள்ளிகளின் நிலம் எவர் பெயரில் உள்ளது என்னும் வினாவை, விண்ணப்பங்கள் நில அலுவலகத்தைச் சென்றடையும் முன்னரே நாம் எழுப்பியாக வேண்டும்.